கடைசியாகத் தண்ணீர் குடித்த மான்

ஒரு காட்டில், சிங்கம் ராஜாவாக இருந்து ஆண்ட காலமெல்லாம் மலையேறிப்போய், ஒரு பல்கலைக்கழகம் வந்திருந்தது. சிங்கம் அதற்கு வேந்தர். பட்டமளிப்பு விழாவுக்கு வந்து கொட்டாவி விட்டுவிட்டுப் போகும். அதற்கு வேறு வேலை இல்லை. ஆகையால் இந்தக் கதையிலும் அதற்கு வேலை இல்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தில் சட்டத்தையும் வணிக நிர்வாகத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பிசைந்து ஊட்டும் ஐந்து வருஷப் படிப்பு ஒன்று இருந்தது. அதில் முதலாமாண்டு சேர்ந்தாள் மரிக்கொழுந்து என்ற புள்ளிமான்.

அவள் ஆசைப்பட்டுச் சேரவில்லை. மான் கூட்டம் தண்ணீர் குடிக்கும் குளத்தில் தனக்கோடி என்று ஒரு முதலை இருந்தது. தோன்றியபோது வாயைத் திறக்கும், ஒரு மான் குறையும். இதைச் சட்டப்படி கேட்க நம்மில் ஒருவர் படித்திருக்க வேண்டும் என்று கூட்டம் முடிவு செய்தது. முன்பு ஒருமுறை வெள்ளையன் என்ற மானைப் படிக்க அனுப்பியிருந்தார்கள். அவன் பட்டம் வாங்கியதாகத் தகவல் வந்தது, அவன் வரவில்லை. வரும் வழியில் முதலை பிடித்துவிட்டது என்று அழுது, கருமாதியும் செய்து, விருந்தும் சாப்பிட்டு முடித்தார்கள்.

இந்த முறை யாரை அனுப்புவது என்று பேச்சு வந்தபோது, கூட்டத்தின் தலைவர் கொம்பையா மாமா தொண்டையைச் செருமினார். அவருக்கு வாட்டசாட்டமான பிள்ளைகள் உண்டு.

“எம் பயலுகளுக்குப் படிப்பு ஏறாது. நம்ம மரிக்கொழுந்து போகட்டும். யாரு வீட்டுப் பிள்ளை போனா என்ன, எல்லாம் நம்ம பிள்ளைதானே.”

மரிக்கொழுந்தின் அம்மாவை யாரும் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னங்கால் சற்று ஊனம். கூட்டத்தோடு ஓடும்போது எப்போதும் கடைசியில் வருவாள். கடைசியில் வருகிறவளின் அபிப்பிராயத்தைக் கேட்கும் வழக்கம் எந்தக் கூட்டத்தில் இருக்கிறது, சொல்லுங்கள்.

கல்லூரியில் காலையில் ஆமை சார் ஒப்பந்தச் சட்டம் நடத்துவார். ஓட்டுக்கு மேல் கறுப்புக் கோட்டு. ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு அவர் கரும்பலகையின் மறு ஓரத்துக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிடும். “ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் ஒப்புக்கொள்ள வேண்டும், பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். அந்தப் பதிலுக்குப் பெயர் மறுபயன். மறுபயன் இல்லாத வாக்கு செல்லாது.” இந்த அளவைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு செமஸ்டர் ஆனது. எந்தெந்த ஒப்பந்தம் சட்டவிரோதம் என்ற பாடம் அடுத்த செமஸ்டரில் இருந்தது.

மதியம் பச்சோந்தி மேடம் நிர்வாகவியல் எடுப்பாள். திரையில் படம் மாற மாற அவளும் நிறம் மாறுவாள். “பிரச்சினை என்று எதுவுமே கிடையாது, மாணவர்களே. எல்லாம் வாய்ப்புகள்தான். ஒரு நிறுவனம் வளர வேண்டுமானால் கடைசியில் இருப்பதைக் கழித்துவிட வேண்டும். பெயர் எழுதாதீர்கள். பெயர் எழுதினால் பாவம் பார்க்கத் தோன்றும். வகை எழுதுங்கள்.”

ஆகக் காலையில் குற்றவாளியாக இருந்த தனக்கோடி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாடிக்கையாளர் ஆகிவிடும். முதலாமாண்டுப் பிள்ளைகள் பாவம், இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

சேர்ந்த முதல் வாரமே எல்லாரும் தையல்சிட்டிடம் கறுப்புக் கோட்டு தைத்துக்கொண்டார்கள். கல்லூரியில் அதை மாட்டும் நாள் வெகு தூரத்தில் இருந்தது. அதனால் டீக்கடைக்கு மாட்டிக்கொண்டு போனார்கள்.

செமஸ்டர் விடுமுறைக்கு மரிக்கொழுந்து அந்தக் கோட்டோடு ஊருக்கு வந்தாள். கொம்பையா மாமா எதிரே ஓடிவந்தார்.

“வக்கீலம்மா வந்தாச்சு. இனி அந்தத் தனக்கோடியை ஒரு கை பார்த்திரலாம்.”

“மாமா, நான் இன்னும் முதல் வருஷந்தான்.”

“அதனால என்ன தாயி? கோட்டு வந்துட்டுல்ல.”

மரிக்கொழுந்து அம்மாவைத் தேடிப் போனாள். அம்மா ஒரு புதரடியில் நின்று இலைமேல் இருந்த பனித்துளியை நக்கிக்கொண்டிருந்தாள். விலா எலும்பு தெரிந்தது.

“குளத்துக்குப் போகலையாம்மா?”

“போன மாசம் அந்தப் பாவி வாலைப் பிடிச்சிட்டான். எப்படியோ உருவிட்டு வந்துட்டேன். இனி அங்க போக மாட்டேன். இந்தப் பனியே போதும், கொழுந்து. நீ நல்லா படி.”

படித்து முடித்து வருவதற்குள் அம்மா காய்ந்து சருகாகிவிடுவாள் என்று மரிக்கொழுந்து பயந்தாள். பயந்தவள் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கோட்டு மாட்டியிருந்தாளே. மாமாவைக் கூட்டிக்கொண்டு நேராகக் குளத்துக்குப் போய்விட்டாள்.

தனக்கோடி கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் விஷயத்தைச் சொன்னதும் அதற்கு முகம் மலர்ந்துவிட்டது.

“இப்படி யாராவது முறையா வந்து பேச மாட்டாங்களான்னு ரொம்ப நாளாப் பார்த்துட்டிருக்கேன்மா. எனக்கும் வயசாயிடுச்சு. மூட்டு வலி. போன மாசம் ஒரு நொண்டி மானோட வாலைப் பிடிச்சேன், அதைக்கூட இழுக்க முடியல. இனிமே நத்தை, நண்டுன்னு காலத்தை ஓட்டிக்கிறேன். நீங்க பாட்டுக்கு வந்து தண்ணி குடிங்க. உங்க பக்கமே வர மாட்டேன்.”

கொம்பையா மாமா கண்ணில் தண்ணீர் நின்றது. கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்க வேண்டியது. நானும் வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

“அது எப்படிங்க?” என்றாள் மரிக்கொழுந்து. “பதிலுக்கு நாங்க எதுவும் கொடுக்கலையே. மறுபயன் இல்லாத வாக்கு செல்லாது.”

“பரவால்லம்மா. சும்மாவே தர்றேன்.”

“சும்மா குடுத்தா செல்லாதுங்க. நாளைக்கே நீங்க மாத்திப் பேசலாம். ஏதாவது வாங்கிக்கணும். ஒரு கட்டுப் புல் தர்றோம்.”

“நான் புல் தின்ன மாட்டேனே. பொய்யா எழுதலாமா?”

“கூடாது. அப்போ என்ன சாப்பிடுவீங்க?”

முதலை தலையைக் குனிந்துகொண்டது. “சொல்லவே கூச்சமா இருக்கும்மா. இரு, எங்க வக்கீலைக் கூப்பிடறேன். அவர் சொல்வாரு.”

கோரைப் புல்லை விலக்கிக்கொண்டு ஒரு மான் வெளியே வந்தது. நல்ல கொழுகொழு உடம்பு, பளபளக்கும் கோட்டு. கொம்பையா மாமா இரண்டடி பின்னால் போனார்.

“டேய், வெள்ளையா. உனக்குக் கருமாதி பண்ணிட்டமேடா.”

“கேள்விப்பட்டேன் மாமா. சாப்பாடு நல்லா இருந்துச்சாமே.”

வெள்ளையன் முதலையிடம் சட்ட ஆலோசகராக இருந்தான். முதலை இனி வெறும் நத்தை தின்னப் போகிறது, அப்புறம் ஆலோசகருக்கு என்ன வேலை என்று அவன் ஏற்கெனவே கவலையில் இருந்தான். ஒரு முதலாமாண்டு மாணவி தானாக வந்து மறுபயன் வாங்கிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்துவதைக் கோரைக்குள் இருந்து கேட்டதும் அவனுக்கு உயிர் வந்துவிட்டது.

“பாப்பா சரியா படிச்சிருக்கு,” என்றான். “அமாவாசைக்கு ஒரு மான். மத்த நாள் யாரையும் தொட மாட்டோம். எந்த மான்னு நீயே சொல்லும்மா.”

மரிக்கொழுந்து மதிய வகுப்பை நினைத்துக்கொண்டாள். பெயர் எழுதக் கூடாது. வகை எழுத வேண்டும்.

“கடைசியா தண்ணி குடிக்கிற மான்.”

“பிரமாதம். அமாவாசை அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள இந்தக் குளத்தில் கடைசியாகத் தண்ணீர் குடித்த மான். இந்த மான், அந்த மான்னு பாகுபாடே கிடையாது. நீ மைனர், அதனால மாமா கையெழுத்துப் போடட்டும்.”

மாமா குளம்பை அழுத்திக் கையெழுத்துப் போட்டார். கடைசியில் குடிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

மரிக்கொழுந்து வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

“கடைசியா போறது நான்தானே, கொழுந்து?”

அதுவரை அவளுக்கு உறைக்கவே இல்லை. பாவம் பார்க்காமல் எழுதும் வித்தையை அவ்வளவு நன்றாகக் கற்றிருந்தாள். அழுதுகொண்டே மாமாவிடம் ஓடினாள்.

“கையெழுத்துப் போட்டாச்சு தாயி,” என்றார் மாமா. “கூட்டத்தோட மானம் இருக்குல்ல. அன்னைக்கு எல்லாரும் குடிச்சே ஆகணும்னு சொல்லிட்டேன். உங்கம்மாவுக்கு நல்ல மனசு, புரிஞ்சுக்குவா.”

கல்லூரிக்கு ஓடினாள். ஆமை சார் மைதானத்தைக் கடந்துகொண்டிருந்தார்.

“சார், போட்ட ஒப்பந்தத்தை எப்படி சார் உடைக்கிறது?”

“அது அடுத்த செமஸ்டர்.”

“எங்கம்மா சார்.”

ஆமை சார் நின்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டதால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். “பாடத்திட்டத்தை மீறினால் துறைத் தலைவர் விளக்கம் கேட்பார், அம்மா,” என்று உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது.

அமாவாசை வந்தது. கூட்டம் முண்டியடித்துக்கொண்டு குளத்துக்கு ஓடியது. அவரவர் அவசரமாக இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கரையேறித் திரும்பி நின்றார்கள். அம்மா நொண்டி நொண்டி வந்தாள். நிதானமாக வாய் வைத்துக் குடித்தாள். எத்தனை நாள் தாகமோ. குடித்துவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மரிக்கொழுந்து தண்ணீரில் இறங்கப் போனாள். அம்மா குறுக்கே எழுந்து நின்றாள்.

“நீ ஒரு வாய் குடிச்சா, நான் அப்புறம் ஒரு வாய் குடிப்பேன். பொழுது சாயற வரைக்கும் ரெண்டு பேரும் குடிச்சிக்கிட்டே இருக்கலாம். வயிறுதான் வெடிக்கும். போய்த் தள்ளி நில்லு.”

தனக்கோடி தண்ணீருக்குள் கண்ணை மட்டும் வெளியே வைத்துக் காத்திருந்தது. வெள்ளையன் நிழலே இல்லாத கரையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மரிக்கொழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனிடம் போனாள்.

“அண்ணா, நீங்க இதே காலேஜ்தானே? எந்தப் புத்தகம் அண்ணா படிச்சீங்க?”

உலகத்தில் எந்தச் சீனியரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போனதில்லை. வெள்ளையன் நிமிர்ந்தான். எந்தப் புத்தகம் குப்பை, எந்த வாத்தியார் எந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார், வருகைப் பதிவு குறைந்தால் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தான். அவள் அண்ணா அண்ணா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மாதிரி நீதிமன்றத்தில் தான் கோப்பை வாங்கிய வாதத்தை அவன் முழுசாக நடித்துக் காட்டினான். நீதிபதியாகவும் நடித்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. அவன் குரல் கம்மியது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

“இந்த ஒப்பந்தம் உண்மையிலேயே செல்லுமா அண்ணா?”

“முழுசாப் படிச்சவனுக்கு எது செல்லாதுன்னும் தெரியும்,” என்று சிரித்தான் வெள்ளையன். “அது யாருக்குத் தெரியாதுன்னும் தெரியும். இரு, தொண்டை காஞ்சிடுச்சு.”

அப்படியே திரும்பி, குனிந்து, குளத்தில் வாய் வைத்து மடக் மடக்கென்று குடித்தான். தலையை நிமிர்த்தியபோது சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது.

கரையில் இருந்த மான்களெல்லாம் அவன் ஈர வாயையே பார்த்தன.

“வெள்ளையா,” என்றது தனக்கோடி.

“முதலாளி, நான் உங்க ஆலோசகர்.”

“மான்னுதானே எழுதியிருக்கே. இந்த மான், அந்த மான்னு பாகுபாடு கிடையாதுன்னு நீதானே சொன்னே.”

“எனக்குக் கருமாதி ஆயிடுச்சு முதலாளி. சட்டப்படி நான் செத்தவன்.”

“அப்ப உனக்கு வலிக்காது,” என்றது தனக்கோடி.

மூட்டு வலிக்குத் தொந்தரவே இல்லை. மான் ஒரு அடி தூரத்தில்தான் நின்றது. கோட்டை மட்டும் கரையில் துப்பியது.

மான்கள் ஆரவாரம் செய்தன. மரிக்கொழுந்து அம்மாவின் கழுத்தில் முகம் புதைத்து அழுதாள். சின்னவள் பெரியவனை அறிவால் வென்றாள் என்று நீதி எழுத நானும் பேனாவைத் திறந்துவிட்டேன். அதற்குள் தனக்கோடி மறுபடி தலையைத் தூக்கியது.

“எனக்கு இப்ப ஒரு வக்கீல் வேணுமேம்மா. ஒப்பந்தம் நடந்துட்டிருக்குல்ல. அடுத்த அமாவாசையும் வருதில்ல.”

மரிக்கொழுந்து கூட்டத்தைப் பார்த்தாள். காலையில் அம்மாவை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிய ஒவ்வொரு முகமும் அங்கே இருந்தது. கரையில் கிடந்த கோட்டை எடுத்து உதறினாள். தன் கோட்டைவிட நல்ல துணி.

“ஒரு திருத்தம் இருக்கு,” என்றாள். “ஆலோசகரும் ஆலோசகரின் தாயும் நீங்கலாக.”

பல்கலைக்கழகம் அதைத் தொழிற்பயிற்சியாக ஏற்று முழு மதிப்பெண் கொடுத்தது. பச்சோந்தி மேடம் பெருமையில் தங்க நிறத்துக்கு மாறினாள். அடுத்த செமஸ்டரில் ஆமை சார் நடந்து நடந்து அந்தப் பாடத்துக்கு வந்து சேர்ந்தார். சட்டவிரோதமான காரியத்துக்காகப் போட்ட ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றார். மரிக்கொழுந்து அதை எழுதி, அடியில் கோடு போட்டு, நோட்டை மூடி வைத்தாள். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் அமாவாசையன்று அம்மாதான் முதலில் குளத்தில் இறங்குகிறாள். யாரும் இடிப்பதில்லை. வயிறு நிறையக் குடித்துவிட்டு, ஈர வாயோடு மகளைப் பார்த்துச் சிரிக்கிறாள். விலா எலும்பு மறைந்துவிட்டது. கொம்பையா மாமாவுக்குத்தான் வயதாகி நடை தளர்ந்துவிட்டது. தண்ணீரில் வாய் வைப்பதற்கு முன் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். போன வாரம் மூத்த மகனைக் கூப்பிட்டு, “அந்தக் காலேஜுல எப்படா அட்மிஷன்?” என்று கேட்டாராம்.

நீதி: ஊருக்காக ஒரு பிள்ளையைச் சட்டம் படிக்க அனுப்புவதானால், அது உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.