பத்தொன்பது நாள் பேரரசர்

முன்னாள்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் தப்பிக்க முடியாது. அவர்களே தேடி வந்து உங்களைப் பார்ப்பார்கள். பதவி போய் வருஷக்கணக்கில் ஆகியிருக்கும். ஆனால் ஆசனம் போனதே தவிர, அதில் உட்கார்ந்திருந்த தோரணை போகாது. மழையைப் பற்றிப் பேசினாலும் சரி, மருமகளைப் பற்றிப் பேசினாலும் சரி, "நான் இருந்தப்போ..." என்ற இடத்தில்தான் பேச்சைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

இந்த இனத்தின் சிகரம் கௌதென்சியுஸ். ரோம சாம்ராஜ்யத்தில் திரும்பிய பக்கமெல்லாம் ஒரு பேரரசர் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. ரைன் நதிக்கரைக் கோட்டை ஒன்றில் அவர் தானியக் கிடங்கைக் கவனித்துவந்தார். ஆறு வாரமாகப் பன்றிக்கறி வரவில்லை என்று கொதித்துப்போன சிப்பாய்கள், தலைநகர் ரவென்னாவில் இருக்கிற ராஜா நமக்கு எதற்கு, நாமே ஒருவரைப் போட்டுக்கொள்வோம் என்று கூச்சலிட்டுக்கொண்டு வர, என்ன சத்தம் என்று பார்க்கக் கதவைத் திறந்தார் இவர். நல்ல உயரம். அவ்வளவுதான் தகுதி. கேடயத்தில் ஏற்றித் தூக்கினார்கள், ராஜாவைத் தவிர வேறு யார் போர்த்தினாலும் தலை போகும் என்கிற அந்த ஊதாச் சால்வையை எங்கிருந்தோ பிடித்துவந்து தோளில் போட்டார்கள், "வாழ்க பேரரசர்!" என்றார்கள்.

பத்தொன்பது நாள். இருபதாம் நாள் பக்கத்துக் கோட்டையில் வேறொருவரைத் தூக்கினார்கள். அங்கே பன்றிக்கறி இருந்தது. மத்தியானத்துக்குள் இவருடைய படை முழுக்க அங்கே போய்விட்டது. புதியவர் இவரைக் கொல்லக்கூட மெனக்கெடவில்லை. "ஊரைப் பார்த்துப் போய்ச் சேருய்யா" என்று ஒரு கழுதையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆட்சி போனதைக்கூட கௌதென்சியுஸ் மன்னித்தார். அந்தக் கழுதையை மன்னிக்கவில்லை.

ரோன் நதிக்கரையில் இருந்த சொந்த ஊருக்கு வந்தவர், அதன்பின் பத்து வருஷம் ஆட்சியைத் தொடர்ந்து நடத்தினார், வாயால். முதல் வருஷம், தான் ஒரு பாலத்தைப் பழுதுபார்க்கச் சொன்னதாகச் சொன்னார். ஐந்தாம் வருஷம் அந்தப் பாலத்தையே கட்டியிருந்தார். பத்தாம் வருஷம் அதே பாலத்தின் மேல் மூன்று காட்டுக் கூட்டத் தலைவர்கள் அவர் காலில் விழுந்தார்கள். குளியல்கூடத்தில் வெந்நீர் ஆறியிருந்தால் குற்றம், ரொட்டி சிறுத்திருந்தால் குற்றம்.

"நம்ம ஆட்சியில ரொட்டி இந்த அளவாய்யா இருந்துச்சு?" என்று ரொட்டிக்கடை லுப்பிசினுஸை மிரட்டுவார்.

"உங்க ஆட்சி நடந்ததே எங்களுக்குத் தெரியாதுங்க. சேதி இங்க வந்து சேர்றதுக்குள்ள நீங்களே வந்து சேர்ந்துட்டீங்க."

வீட்டிலும் பன்மைதான். "நமக்குப் பசிக்கிறது" என்று அறிவிப்பார். "நமக்குன்னா யாருக்கு? உங்களுக்கும் பூனைக்குமா?" என்பாள் மனைவி ரூஸ்திகா.

பதினோராம் வருஷம் ரவென்னா ராஜா ஜெயித்துவிட்டார். போட்டிக்கு நின்றவர்களில் மிச்சம் மீதி இருந்தால் தேடிப் பிடித்துத் தலையை எடுக்க வேண்டும் என்று உத்தரவு. வித்தாலிஸ் என்ற அதிகாரி இருபது வீரர்களோடு ஊருக்குள் வந்து இறங்கினார். எல்லாரும் சதுக்கத்துக்கு வர வேண்டும் என்று தண்டோரா போட்டார்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாயைத் திறக்காதீங்க" என்றாள் ரூஸ்திகா.

"ராஜ வாக்கு."

"அந்த வாக்கு வேணாம். உங்க வாக்கைக் குடுங்க."

கொடுத்தார். உயிராசை அவருக்கும் உண்டு. ஊரும் அவள் பக்கம் நின்றது. "ராஜாவா? எங்க ஊர்லயா? இங்க உருப்படியா ஒரு கோழித் திருடன்கூடக் கிடையாதுங்க" என்று லுப்பிசினுஸ் அதிகாரியிடம் அடித்துச் சொன்னான்.

வித்தாலிஸ் பட்டியலை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ரூஸ்திகாவின் நகங்கள் கணவரின் உள்ளங்கையில் பதிந்தன. பதினொரு பெயர்கள். கடைசியாக, பிரித்தானியாவில் நாலே நாள் ராஜாவாக இருந்த ஒரு பையன். முடிந்தது. வித்தாலிஸ் சுருட்டிக் கட்டினார்.

கௌதென்சியுஸ் பெயர் அதில் இல்லை.

ரூஸ்திகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரும் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். ஒரே ஒரு மூச்சுதான். நாலு நாள் இருந்தவனுக்கு இடம் உண்டா? மூக்கு ஒழுகும் பயலுக்கு?

"கொஞ்சம் இருங்க" என்று எழுந்தார். "ஒரு பேர் விட்டுப்போச்சு."

"யாரு?"

"கௌதென்சியுஸ். பத்தொன்பது நாள்."

"அப்படி யாரும் இல்லையே."

"ஐயா, அவருக்கு வெயில் ஒத்துக்காது" என்று ரூஸ்திகா அவர் வாயைப் பொத்தினாள்.

"ஆமாங்க, போன மாசம் தன்னை ஏசுவோட அப்போஸ்தலர்னு சொல்லிட்டிருந்தாரு" என்றான் லுப்பிசினுஸ். சதுக்கமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். "போங்க பெரியவரே, போய்ப் படுங்க."

போயிருக்கலாம். உயிர்பிழைக்க இதைவிட அகலமான வாசலை யார் திறந்துவிடுவார்கள்? ஆனால் அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது தோளில் ஊதாச் சால்வை கிடந்தது. பூச்சி அரித்திருந்தது, நிறம் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லாத நிறம்.

சிரிப்பு நின்றது. சாப்பாட்டுக்கு முன் கிளம்பிவிடலாம் என்றிருந்த வித்தாலிஸ் ஒரு பெருமூச்சு விட்டு, சுருளைப் பிரித்து, எழுதினார். கௌதென்சியுஸ் எட்டிப் பார்த்தார்.

"எழுத்துப்பிழை இருக்கு. நாள் கணக்கையும் போடுங்க."

வீரர்கள் கையைக் கட்டும்போது ரூஸ்திகா எதிரே வந்து நின்றாள். அழவில்லை. "பத்தொன்பது நாள் ராஜாவா இருந்தீங்க. இருபத்தாறு வருஷம் எனக்குப் புருஷனா இருந்தீங்க. இதுல எது பெருசுன்னு எழுந்து நின்னீங்க?"

வீரர்கள் அவரை நடத்திக் கொண்டுபோனார்கள். ஆற்றுத் திருப்பம் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வீட்டையும் நிலத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. ரூஸ்திகா லுப்பிசினுஸின் கடையில் மாவு சலிக்கப் போனாள். பன்னிரண்டு பெயர் கொண்ட பட்டியல் ரவென்னாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதை யாரும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நல்லவேளை, நீங்கள் எந்தச் சாம்ராஜ்யத்தையும் ஆண்டதில்லை. உங்களுக்கு இந்த வியாதி கிடையாது. சும்மா ஒன்றே ஒன்று கேட்கிறேன்: ஆண்டுவிழா நன்றியுரையில் எல்லார் பெயரையும் சொல்லி, உங்கள் பெயரை மட்டும் விட்டுவிட்டு மைக்கை அணைத்தார்களே, அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா?