நீலப் பொட்டலத்துக்கு ஒரு ஆமென்

அடுத்த வீட்டு டிவியைப் பார்த்துப் பொறாமைப்படலாம், பக்கத்து பெஞ்சுக்காரியின் தலைமுடியைப் பார்த்துப் பொறாமைப்படலாம். அதெல்லாம் ஊரில் நடப்பதுதான். நான் ஒருத்தியின் ஜெபத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. ஜூனில் ஆரம்பித்து டிசம்பர் இருபத்தைந்து வரை, தினமும் சாயங்காலம் ஏழரை மணிக்கு, பாயில் முட்டி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு. (முழுக்க மூடினேன் என்று சொன்னால் அது தனிப் பாவமாகிவிடும்.)

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் நீலசந்திராவில் வாடகைக்கு இருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து வீடுகள், ஒரு குழாய், ஒரு ஓனரம்மா. அப்பா ஒரு கம்பெனியில் ஃபிட்டர், ஞாயிற்றுக்கிழமை சபைக் கமிட்டி மெம்பர். ஆறு நாள் மெஷினிடம் காட்டும் கண்டிப்பை ஏழாவது நாளும் வீணாக்காமல் எங்களிடம் காட்டுவார். அவர் போட்ட சட்டங்கள் வீடு முழுக்க இருந்தன. அதில் இரண்டு என்னைக் கவிழ்த்தன.

கிறிஸ்மஸுக்கு இன்னது வேண்டும் என்று அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்கக் கூடாது. அது ஒன்று. "குடுக்கிறவரு அவரு. நான் வெறும் போஸ்ட்மேன். மேல கேளு" என்பார். ஆகவே குடும்ப ஜெபத்தில், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, கடவுளிடம் கேட்க வேண்டும். போஸ்ட்மேன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, ஒருத்தர் ஜெபிக்கும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. ஜெபத்தில் சொன்ன எதற்காகவும் பின்னால் திட்டவோ அடிக்கவோ கூடாது. எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டால் கேட்டதைத் திரும்ப வாங்கவும் கூடாது.

இந்தச் சட்டத்தில் ஓட்டை இருப்பதை நான் ஆறாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டேன். "கர்த்தாவே, கணக்கில் இருபத்தாறு மார்க் வாங்கிய உம்முடைய அடியாளை மன்னியும். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப்போகிற என் தகப்பனாருக்குச் சாந்தத்தைத் தாரும்." அப்பா பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் ஆமென் சொன்னார். கையெழுத்தும் போட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஜெபம் என் கோட்டையாக இருந்தது, ஹெப்சி வரும்வரை.

ஹெப்சி என் சித்தி மகள். தங்கவயலில் இருந்து ஒன்பதாம் வகுப்பு படிக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் பத்தாவது. முதல் நாள் ஜெபத்தில் அப்பா "நீயும் ரெண்டு வார்த்தை சொல்லும்மா" என்றார். அவள் இருநூறு வார்த்தை சொன்னாள். மழை இல்லாத ஊர்களுக்காக, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்காக, எங்கள் பால்காரரின் எருமைக்கு வந்த காய்ச்சலுக்காக. (வந்து நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. எருமையைப் பற்றி இவளுக்கு யார் சொன்னது?) கடைசியில் குரல் தழுதழுத்தது, கண்ணில் நீர். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பதினைந்து வருஷமாக உன்னை வளர்த்தேனே என்கிற பார்வை.

தனக்கென்று அவள் எதையும் கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு ஆகவே ஆகாது.

நான் கேட்டேன். இரண்டு வருஷமாக ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்: ஒரு சின்ன கீபோர்டு. ஞாயிறு பள்ளியில் ஒரு பழைய ஹார்மோனியம் இருந்தது. எலி கடித்த அதன் துருத்தியில் பாட்டைவிடக் காற்றுதான் அதிகம் வரும். அதில் விரல் பழகி, வீட்டில் சார்ட் பேப்பரில் கறுப்பு வெள்ளைக் கட்டைகளை வரைந்து, தரையில் விரித்து, சத்தமே இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். ஹெப்சி ஒரு நாள் அதே பேப்பரில் விரலை ஓட்டினாள். "இவ வாசிச்சா பாட்டு கேக்கிற மாதிரியே இருக்குடி" என்றாள் அம்மா. வெறும் பேப்பரில்!

அதற்குப் பிறகு என் ஜெபம் ஆர்டர் ஃபார்ம் மாதிரி ஆகிவிட்டது. "கர்த்தாவே, கறுப்பு நிறம். முப்பத்தேழு கட்டை. பேட்டரியிலும் ஓட வேண்டும், கரண்டிலும் ஓட வேண்டும். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் இரண்டாவது சந்து, இடது கைப் பக்கம், ஷட்டர் பச்சை நிறமாக இருக்கும் என்பதை நீர் அறிந்திருக்கிறீர்." போஸ்ட்மேன் முகத்தில் ஒரு அசைவும் இருக்காது.

டிசம்பர் வந்தது. வாசலில் பேப்பர் ஸ்டார் தொங்கியது. கல்கல் பலகாரத்துக்கு மாவு பிசைந்து, ஆளுக்கொரு முள்கரண்டியில் சுருட்டினோம். கேக் மாவைத் தகர டின்னில் ஊற்றி, மேலே பேர் எழுதிய சீட்டு ஒட்டி, பேக்கரி அடுப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இருபத்துநாலாம் தேதி அம்மா, "பீரோல புது மேசைத்துணி இருக்கு, எடுத்துட்டு வா. வேற எதையும் தொடாத" என்று சாவியைக் கொடுத்தாள். (தொடாதே என்று சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

மேசைத்துணிக்குப் பின்னால் ஒரு லெமன் செட் இருந்தது. ஒரு ஜக்கு, ஆறு கிளாஸ், எல்லாவற்றிலும் ஆரஞ்சுப் பூ. பார்த்ததும் தெரிந்துகொண்டேன். போன கிறிஸ்மஸுக்கு ஐயரம்மா எங்களுக்குக் கொடுத்தது. (எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா.) ஜக்கில் ஒரு பூ மட்டும் தலைகீழாக அச்சாகியிருக்கும். அட்டைப் பெட்டி மேல் இப்போது புதுச் சீட்டு: "ஓனரம்மாவுக்கு."

அதற்கும் பின்னால் நீலப் பேப்பர் சுற்றிய நீளமான பொட்டலம். அழுத்திப் பார்த்தேன். பேப்பருக்கு அடியில் ஒரு கட்டை இறங்கி ஏறியது. என் நெஞ்சும் இறங்கி ஏறியது. திருப்பினேன். அப்பாவின் கையெழுத்தில் சீட்டு: "ஹெப்சிக்கு."

பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு சிவப்புப் பொட்டலம். "பியூலாவுக்கு." அதாவது எனக்கு.

மேசைத்துணியை எடுத்து வந்தேன். அன்றைக்குச் சுருட்டிய கல்கல் எல்லாம் கல்லாகவே வந்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

மறுநாள் காலை ஆராதனை முடிந்து, மத்தியானம் பிரியாணி முடிந்து, நாலு மணிக்கு ஐயரும் ஐயரம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். ஓனரம்மாவையும் அப்பா கூப்பிட்டிருந்தார். ஓனரம்மா கன்னடக்காரர், இந்து. தமிழ் எங்களைவிட நன்றாகப் புரியும். பொட்டலங்கள் எல்லாம் மேசை மேல் வரிசையாக இருந்தன. முதலில் ஜெபம், அப்புறம்தான் பரிசு.

"பிள்ளைங்களே ஜெபிக்கட்டும், சின்னவ முதல்ல" என்றார் ஐயர்.

ஹெப்சி ஜெபித்தாள். இந்த முறை நீலசந்திராவில் துணை இல்லாமல் தனியாக இருக்கும் முதியவர்கள் எல்லோருக்காகவும். பாதியில் ஓனரம்மாவே "பாப்பா" என்று உருகிவிட்டார். ஐயர், "எப்பேர்ப்பட்ட மனசு!" என்றார். சட்டப்படி குறுக்கே பேசக் கூடாது, ஆனால் ஐயரை யார் கேட்பது?

என் முறை வந்தது. அந்த மனசை நான் மிஞ்ச வேண்டும், அந்தக் கீபோர்டு அவளுக்குக் கிடைக்கவும் கூடாது. இரண்டையும் ஒரே ஜெபத்தில் முடிக்கலாம் என்று என் பத்தாம் வகுப்பு மூளை சொன்னது.

"அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் குடும்பத்துக்குக் கொடுக்கிற மனதைத் தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தேன். "ஸ்தோத்திரம்" என்றார் ஐயர். அவ்வளவுதான், எனக்கு ஏறிவிட்டது. "போன வருஷம் எங்கள் ஐயரம்மா அன்போடு தந்த லெமன் செட்டைக்கூட நாங்கள் எங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல், ஒரு கிளாஸ்கூட எடுத்து உபயோகிக்காமல், இந்த வருஷம் ஓனரம்மாவுக்கே கொடுக்க என் தாயாரை ஏவினீரே!"

ஸ்தோத்திரம் வரவில்லை. பக்கத்தில் அம்மா மூச்சு விடுவதை நிறுத்திவிட்டாள். கண்ணை மூடியிருப்பவர்களுக்கு மௌனம் பக்தியாகத்தான் தெரியும். நான் மேலே போனேன்.

"கர்த்தாவே, இதோ இந்த மேசை மேல் நீலப் பேப்பரில் ஒரு பரிசு இருக்கிறது. அதை வாங்கப்போகிறவள் அதன் மேல் ஆசை வைக்காதபடி காத்துக்கொள்ளும். உடைந்த ஹார்மோனியத்தோடு கஷ்டப்படும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு, இன்றைக்கே, இந்த ஐயர் கையிலேயே, அதைச் சந்தோஷமாகக் கொடுத்துவிடும் இருதயத்தை அவளுக்குத் தாரும். ஆமென்."

"ஆமென்!" என்றார் ஐயர். அது வீட்டைத் தாண்டி குழாயடி வரை கேட்டிருக்கும். ஐயரம்மா ஆமென், ஹெப்சி ஆமென், ஓனரம்மாகூட ஆமென். அப்பாவின் ஆமெனும் அம்மாவின் ஆமெனும் மட்டும் வரவில்லை.

கண்ணைத் திறந்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓனரம்மாதான் முதலில் பேசினார். "பரவாகில்லா பிடி, நம்ம வீட்ல கிளாஸ் கம்மிதான்." (கன்னடத்தில் 'பிடி' என்றால் விடுங்கள்.) ஐயரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்களுக்கும் அது யாரோ குடுத்ததுதான்" என்றார். ஐயர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

நான் அதிலெல்லாம் கவனமாக இல்லை. ஹெப்சியின் முகம் வாடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாடவில்லை.

அப்பா எழுந்தார். நீலப் பொட்டலத்தை எடுத்து நேராக என் மடியில் வைத்தார்.

"இதுல ஹெப்சி பேர் இருக்குப்பா" என்றேன்.

"தெரியும். நான்தானே எழுதினேன். சாவி கையில கிடைச்சா நீ பீரோவை நோண்டுவேன்னும் தெரியும். பாத்துட்டா உனக்குத் திடீர் சந்தோஷம் இருக்காதேன்னு சீட்டை மாத்தி ஒட்டினேன். அது உன்னுது. சிவப்புதான் அவளுது, வாட்ச்சு." அப்புறம் மெல்லச் சொன்னார்: "ரெண்டு வருஷமா கேட்டியே."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எல்லாம் சேர்ந்து புரிந்தது. ஐயருக்கு வேறு மாதிரி புரிந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. "தன்னோடதுன்னு தெரிஞ்சே இப்படி ஜெபிச்சியாம்மா!"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சமயம் பார்த்து ஹெப்சி குறுக்கே வந்தாள். "ஐயரே, அக்கா ரொம்ப ஆசைப்பட்டா. அவளே வெச்சிக்கட்டும். ஞாயிறு பள்ளிக்கு என் வாட்சைக் குடுத்துடறேன்."

அப்பா நிமிர்ந்தார். அம்மாகூட சுவரிலிருந்து திரும்பினாள். வழி திறந்திருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கீபோர்டு என்னுடையது. ஆனால் இவள் கையால் கிடைத்ததாக ஆகுமே? ஐயர் இப்போது இவளைப் பார்த்துக் கலங்குகிறாரே?

"வேணாம்" என்றேன். "ஜெபம்னா ஜெபம்தான்."

நீலப் பேப்பரைக்கூடப் பிரிக்காமல் ஐயர் கையில் கொடுத்தேன். அவர் என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். அந்தக் கையை மட்டும்தான் அந்த வருஷம் கிறிஸ்மஸ் பரிசாக நான் வாங்கினேன். அவர்கள் போனதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஜெபத்தில் ஹெப்சி மாதிரி அழுவதற்குத் தொடையைக் கிள்ளிக்கொள்வது என் வழக்கம். முதல் முறையாக, கிள்ளிக்கொள்ளாமலே கண்ணீர் வந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

அப்பா திட்டவில்லை, அவர் சட்டம் அவரையே கட்டிப்போட்டிருந்தது. ஜனவரி முதல் ஞாயிறு, ஞாயிறு பள்ளியில் கீபோர்டு வைத்தார்கள். வாசிக்க யாருக்குத் தெரியும் என்று ஐயர் கேட்டார். நான் கை தூக்குவதற்குள் சின்னப் பிள்ளைகள் ஹெப்சியைத் தள்ளிக்கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். நான் பக்கத்தில் நின்று பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினேன். நன்றாகத்தான் வாசித்தாள், சனியன்.

இதெல்லாம் நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது என்னை ஜெபிக்கச் சொன்னால் முதல் வாக்கியம் முடிவதற்குள் அம்மா "ஆமென்" போட்டுவிடுவாள். பரிசு கொடுக்கும்போதெல்லாம் அப்பா, "மொதல்ல யாருதுன்னு விசாரிச்சுக்கோ, அப்புறம் ஜெபி" என்பார். ஹெப்சி கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள், அங்கேயும் சபையில் அவள்தான் கீபோர்டு.

போன கிறிஸ்மஸுக்கு அவளிடமிருந்து எனக்கு ஒரு பார்சல் வந்தது. நீலப் பேப்பர். மேலே பெரிய எழுத்தில் சீட்டு: "ஹெப்சிக்கு." அப்படியென்றால் என்னுடையதுதான். ஜெபிக்காமலே பிரித்தேன். ஒரு ஜக்கு, ஆறு கிளாஸ், ஆரஞ்சுப் பூ. ஜக்கைத் திருப்பினேன். ஒரு பூ மட்டும் தலைகீழாக இருந்தது. அவள் கல்யாணத்துக்கு ஓனரம்மா கொடுத்ததாம்.

ஃபோனில் அவள் சிரித்த சிரிப்பில் வீட்டில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஃபோனை வைத்த பிறகு வெகுநேரம் ஒரே எரிச்சல். இவ்வளவு நல்ல யோசனை எனக்கு ஏன் முதலில் வரவில்லை?