முன்னோர் ஏந்திய கரண்டி

வரைபடத்தில் மடிப்பு விழுந்து கிழிந்துபோகிற இடத்தில் ஒரு நாடு இருந்தது. வாகைநாடு என்று பெயர். வெற்றிப்பூவின் பெயரை வைத்துக்கொண்டிருந்த அந்த நாடு, யார் நினைவுக்கும் எட்டியவரை ஒரு போரும் செய்ததில்லை. ஆனாலும் நாட்டில் மூன்றில் ஒரு பங்கு படைநிலமாக இருந்தது. மீதி இரண்டு பங்கில் மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு பாதுகாப்பாக இருந்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும். மன்னர் ஒருவர் மட்டும் நிற்பார். கடும் போட்டிக்குப் பின் வெல்வார்.

படைநிலத்துக்கென்று ஒரு சட்டம் உண்டு. முன்பொரு காலத்தில் படையினர் கோழிக்கூடு கட்டுவதற்காக ஒரு பழைய மண்டபத்தை இடித்தார்கள். இடித்த பிறகுதான் அது முதல் மன்னர் பிறந்த மண்டபம் என்று தெரியவந்தது. கோழிகளைத் தண்டிக்க வழியில்லாததால் சட்டம் இயற்றினார்கள். இனிப் படைநிலத்தில் எதை இடித்தாலும், எங்கே தோண்டினாலும், பழமை ஆய்வர் வந்து பார்த்து ஒரு சொல் சொல்ல வேண்டும். இரண்டு சொற்களுக்குத்தான் அனுமதி. போரோடு தொடர்புள்ள பழமை என்றால் 'வீரம்'. மற்றதெல்லாம் 'மண்'. வீரம் என்றால் யாரும் தொடக்கூடாது. மண் என்றால் அள்ளிக் கொட்டலாம்.

பழமை ஆய்வர் கார்வண்ணன் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் 'மண்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போரே நடக்காத நாட்டில் வாளுக்கு எங்கே போவது? மண்ணுக்கடியில் அவர் கண்டதெல்லாம் தெருக்கள், கிணறுகள், தறிக்குழிகள், யாரோ ஒருத்தி ஒளித்து வைத்து மறந்த பாசிமணிகள். ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு 'மண்' என்பார். பிறகு வீட்டுக்குப் போய் நன்றாகவே சாப்பிடுவார். சாப்பாட்டு விஷயத்தில் அவருடைய மனசாட்சி தலையிடுவதில்லை. தொந்தி வளர்ந்தது. தொந்தியைச் சுமந்த மூட்டுகள் தேய்ந்தன. குதிரை லாயத்தின் கடைசி அறையில் அவருக்கு அலுவலகம் கொடுத்திருந்தார்கள். புதிதாகக் குட்டி பிறந்தால் ஆய்வர் வெளியேற வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த ஆண்டு வெற்றி விழாவுக்குப் படைத்தலைவர் இடியேறனார் ஒரு பெரிய மேடை கட்ட ஆசைப்பட்டார். எதை வென்றதற்கான விழா என்று கேட்டவர்கள் தொலைதூரக் காவல் பணிக்கு அனுப்பப்பட்டார்கள். மேடைக்கு அடித்தளம் தோண்டிய இடத்தில் மண்வெட்டி எதிலோ இடித்தது. தோண்டிக்கொண்டிருந்த வீரன் காளிங்கன் லாயத்துக்கு ஓடிவந்தான்.

"ஐயா, ஒரு எட்டு வந்து பாருங்க. சமையக்கட்டு மாதிரி இருக்கு."

"மாதிரியா? சமையக்கட்டேவா?"

"நான் மாதிரின்னுதான் சொல்லுவேன். மிச்சத்தச் சொல்லத்தான உங்களுக்குச் சம்பளம்."

கார்வண்ணன் குழிக்குள் இறங்கினார். அதாவது, காளிங்கனும் இன்னொருவனும் அவரை இறக்கினார்கள். சுட்ட மண்ணால் ஆன அடுப்புகள் ஒரே நேர்கோட்டில், ஒன்றை ஒன்று ஒட்டி, ஒரு ஊரே சேர்ந்து சமைத்தது போல் நீண்டு கிடந்தன. சாம்பல், உமி, உடைந்த பானைகள். நீளப்பிடி வைத்த செப்புக் கரண்டிகள், களிம்பேறிப் பச்சையாக. எல்லா அடுப்புகளும் தரையோடு இருந்தன. குந்தி உட்கார்ந்துதான் சமைக்க வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் இடுப்பு உயரத்துக்கு மேடை எழுப்பிக் கட்டப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் கைபிடித்து நிற்க ஒரு கல். கல்லின் தலை வழவழவென்று தேய்ந்திருந்தது.

கார்வண்ணன் தன்னையறியாமல் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலி குறைந்தது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. யாரோ ஒருவரால் குந்த முடியவில்லை. 'நீ ஓரமா உக்காரு, நாங்க பாத்துக்கறோம்' என்று மற்றவர்கள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுப்பை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள்.

மேலே குதிரைக் குளம்பொலி கேட்டது.

"ஆய்வரே, வாள் உண்டா?" என்றார் இடியேறனார், குதிரையிலிருந்து இறங்காமலே.

"இல்லை, தலைவரே."

"வேல்?"

"இல்லை."

"அப்படியானால் வழக்கமான சொல்லைச் சொல்லிவிட்டு மேலே வாரும். மூடிவிட்டு மேடையை எழுப்ப வேண்டும்."

வாழ்நாள் முழுக்கச் சொன்ன சொல். நாக்குக்கு வழி தெரியும். ஆனால் கை கல்லை விட மறுத்தது.

"ஆயுதம் இல்லை என்று நான் சொல்லவில்லையே," என்றார் கார்வண்ணன். குனிந்து ஒரு கரண்டியை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இதோ."

காளிங்கன் வானத்தைப் பார்த்தான். அன்று மேகம்கூட இல்லை.

இடியேறனார் கரண்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது கரண்டி என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது குதிரைக்கும் தெரியும். "முனை ஏன் குழிந்திருக்கிறது?"

"எதிரியின் கண்ணில் மணலை அள்ளி வீச, தலைவரே."

"பிடி ஏன் நீளம்?"

"எதிரி தூரத்தில் நிற்கும்போதே முடித்துவிட."

"இந்த அடுப்புகள்?"

"எண்ணெய் காய்ச்சி ஊற்ற. உலகிலேயே பழைய படைமுகாம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்."

இடியேறனாரின் மார்பு ஒரு சுற்று பெருத்தது. "அந்த உயரமான அடுப்பு படைத்தலைவருடையது. பார்த்தவுடனேயே தெரிந்துகொண்டேன்," என்றார்.

"வீரம்," என்றார் கார்வண்ணன். அந்தச் சொல்லை அவர் வாயால் சொன்னது அதுவே முதல் தடவை. மேடை வேறு இடத்துக்குப் போனது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் மனைவி பூங்கோதை ரசக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கரண்டிய ஆயுதம்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"ஆமா."

"அப்ப இந்த வீட்டுல சோறு போடுறவ படைவீராங்கனையா?"

"அது நம்ம கல்யாணத்தன்னிக்கே ஆயிடுச்சு."

பூங்கோதை சிரிக்கவில்லை. அவர் எப்போதும் கொஞ்சம் தொலைநோக்கு உள்ளவர்.

அமைச்சர் நீதிவளவர் விரைவிலேயே அரண்மனை முற்றத்தில் உரையாற்றினார். "நம் முன்னோர் ஏந்திய ஆயுதம் கரண்டி என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. ஆயுதத்தைக் குடிமக்கள் வீட்டில் வைத்திருப்பது எவ்வளவு அபாயம் என்பதை நான் சொல்லவும் வேண்டுமா?" வேண்டாம் என்று அவருக்கு முன்னால் நின்ற வீரர்கள் தலையசைத்தார்கள். மாலைக்குள் தெருத்தெருவாகப் புகுந்து கரண்டிகளை அள்ளிப்போனார்கள். இட்டலி சட்டியைக்கூட ஒருவன் கேடயம் என்று சந்தேகப்பட்டுத் தட்டிப்பார்த்தான்.

மக்கள் கொட்டாங்கச்சியில் குச்சி செருகிப் பரிமாறினார்கள். கரண்டியாகும் நோக்கமுள்ள கொட்டாங்கச்சிகளைத் தடைசெய்து அடுத்த ஆணை வந்தது. பானையைச் சாய்த்து ஊற்றினார்கள். பாதி சாம்பார் தரைக்குப் போனது. கையால் அள்ளினார்கள். விரல் வெந்தது. வெந்த விரலைத் தியாகமாகக் கருத வேண்டும், முனகக் கூடாது என்று மூன்றாவது ஆணை வந்தது. பிறகு பலர் சூடாகச் சமைப்பதையே விட்டுவிட்டார்கள். நாடு முழுக்க ஆறிய சோறு. ஆறிய சோறு நாட்டுப்பற்றுக்கு நல்லது என்று நீதிவளவர் சொன்னார். அவர் வீட்டுக் கரண்டிகளுக்கு உரிமம் இருந்தது.

பூங்கோதை விரலில் துணி சுற்றிக்கொண்டு கணவர் முன்னால் வந்து நின்றார்.

"போய், அது கரண்டிதான்னு சொல்லிட்டு வாங்க."

"சொன்னா அடுப்பையெல்லாம் மண்ணுன்னு மூடிருவாங்க, கோதை."

"இப்ப ஊரு பூரா அடுப்பு மூடித்தான கிடக்கு. என்னைக்கோ செத்தவங்க அடுப்புக்காக, இருக்கறவங்க அடுப்ப அணைச்சிட்டீங்க."

ஒரு கல்லைக் காப்பாற்றப் போய் ஒரு நாட்டின் சாம்பாரையே கவிழ்த்த மேதை என்று கார்வண்ணன் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அந்த உயர்ந்த அடுப்பு போகும். சொல்லாவிட்டால் எல்லோர் விரலும் போகும். மூட்டைத் தடவிக்கொண்டே படைத்தலைவரின் கூடாரத்துக்கு நடந்தார். வாயைத் திறக்கும் முன் இடியேறனார் முந்திக்கொண்டார்.

"நல்ல நேரத்தில் வந்தீர். வெற்றி விழாவில் முன்னோரின் போர்முறையை மன்னருக்கு நடத்திக்காட்ட வேண்டுமாம். என் ஆட்களிடம் கரண்டி மலைபோல் குவிந்திருக்கிறது. எப்படிப் பிடிப்பது, எப்படி முன்னேறுவது, ஒன்றும் தெரியவில்லை. நீர்தான் பழக்க வேண்டும்."

கார்வண்ணன் வாயை மூடிக்கொண்டார். பிறகு, "எதிரிகள் தேவைப்படுவார்கள், தலைவரே," என்றார்.

"எத்தனை பேர்?"

"ஊர் முழுக்க."

விழா நாளில் குழியைச் சுற்றிப் பந்தல் போட்டிருந்தார்கள். மக்கள் எதிரெதிராக இரண்டு நீண்ட வரிசைகளில் சம்மணமிட்டு உட்கார வைக்கப்பட்டார்கள். எதிரிப் படை இப்படித்தான் அமரும் என்று கார்வண்ணன் விளக்கம் கொடுத்திருந்தார். ஒவ்வோர் எதிரிக்கும் முன்னால் ஓர் இலை. இலை ஏன் என்று நீதிவளவர் கேட்டதற்கு, "எல்லை," என்றார்.

அடுப்புகளில் தீ மூட்டப்பட்டது. எத்தனை தலைமுறைக்குப் பிறகோ அந்த மண்ணில் புகை எழுந்தது. படையின் களஞ்சியத்திலிருந்து அரிசி வந்தது, பருப்பு வந்தது. எண்ணெய் காய்ச்சப்பட்டது, ஆய்வர் சொன்னபடியே. அதில் கடுகு வெடித்தபோது முன்வரிசையில் இருந்த எதிரிகள் சிலர் கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டார்கள். மன்னர் அரியணையில் லேசாக அசைந்தார்.

"முன்னேறு," என்றார் இடியேறனார்.

வீரர்கள் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே கரண்டியோடு பாய்ந்தார்கள். முதல் அணி சோற்றால் தாக்கியது. இரண்டாம் அணி சாம்பாரோடு வந்தது.

"இந்தப் பக்கம் தாக்குதல் பத்தல," என்று கடைசியில் இருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"இருங்கண்ணே, கூட்டுப்படை வருது," என்றான் காளிங்கன்.

எதிரி ஒருவரும் ஓடவில்லை. சிரித்தார்கள். நிமிர்ந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் என்று கைகாட்டினார்கள். பூங்கோதை துணி சுற்றிய விரலை மடக்கிக்கொண்டு மற்ற விரல்களால் சாப்பிட்டார். சூடு பறந்தது. கணவரை ஒரு பார்வை பார்த்தார். பாதி மன்னித்துவிட்டார் என்று கார்வண்ணன் கணக்குப் போட்டுக்கொண்டார். மீதிப் பாதி வழக்கமாகவே பாக்கி இருப்பதுதான்.

மன்னர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு அருகில் இருந்த வீரனிடம், "எம்மையும் தாக்குக," என்றார்.

மூன்று முறை தாக்கப்பட்ட பின் மன்னர் கை கழுவிக்கொண்டு, அடுப்புகளைப் பார்வையிட எழுந்தார். எழுவதற்கு இருவர் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. உயர்ந்த அடுப்பருகே வந்ததும், பழக்கம்போல் எதையோ பிடிக்கக் கையை நீட்டினார். கல் கைக்கு அகப்பட்டது.

"இது?"

"முன்னோர் படைத்தலைவரின் அடுப்பு, மன்னா," என்றார் இடியேறனார்.

மன்னர் கார்வண்ணனைப் பார்த்தார். "ஆய்வரே?"

வயிறு நிறைந்திருந்ததாலோ, பொய்கள் தீர்ந்துபோயிருந்ததாலோ, கார்வண்ணன் உள்ளதைச் சொன்னார். "யாரோ ஒரு மூட்டுவலிக்காரருடையது, மன்னா. அவரால் குந்த முடியவில்லை. அதனால் மற்றவர்கள் இதை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். பிடித்துக்கொள்ளக் கல்லும் நட்டிருக்கிறார்கள். வேறொன்றும் இல்லை."

நீதிவளவர் முன்னால் வந்தார். "அப்படியானால் போரோடு தொடர்பில்லை. சட்டப்படி இது மண், மன்னா."

மன்னர் கல்லை விடவில்லை. இன்னொரு கையால் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "வீரம்," என்றார்.

அன்று முதல் ஒவ்வொரு முழுநிலாவுக்கும் போர்ப்பயிற்சி நடக்கிறது. பயிற்சி குறையக்கூடாது என்பதால் வீடுகள் எல்லாம் துணைப்படை என்று அறிவிக்கப்பட்டு, கரண்டிகள் திருப்பித் தரப்பட்டன. நீதிவளவர் தன் யோசனைதான் அது என்று சொல்லி, அடுத்த தேர்தலுக்கு மன்னர் படத்தோடு சுவரொட்டி அச்சடித்தார். பூங்கோதைக்குத் தன் ரசக் கரண்டி வரவில்லை. யாருடையதோ வந்தது. பழையதைவிடப் பெரியது என்பதால் புகார் செய்யவில்லை.

பக்கத்துத் தும்பைநாட்டு ஒற்றர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டுப் போய், வாகைநாட்டில் ஒரு பயங்கர ஆயுதம் இருக்கிறது, அதைக் கண்டதும் மக்கள் வரிசையாக உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று சொன்னார்கள். தும்பைநாடும் தன் படைநிலத்தைத் தோண்டத் தொடங்கியது. அங்கே கிடைத்த கரண்டி இதைவிட ஒரு விரல்கடை அதிக நீளமாம். யாருடைய முன்னோர் முதலில் பரிமாறியது என்று எல்லையில் இரு நாட்டு அமைச்சர்களும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரு படைகளும் தோண்டிக்கொண்டிருக்கின்றன. சண்டை போட யாருக்கும் நேரமில்லை.

தும்பைநாட்டுக் குழியிலும் ஓர் உயர்ந்த அடுப்பு கிடைத்தது என்று கேள்வி. அதை அவர்களுடைய ஆய்வர் மண் என்று சொல்லிவிட்டாராம்.

"அநியாயம்," என்றார் பூங்கோதை.

"சின்ன வயசுக்காரராம்," என்றார் கார்வண்ணன், கைப்பிடியைத் தேடி எழுந்தபடி. "மூட்டு தேயட்டும். சொல்லுவாரு."