வெசம் என்று கத்தச் சொன்னது நான்தான்

பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் நாம் அவர்களுக்கு இவ்வளவும் சொல்லிக்கொடுக்கிறோம். கேட்டுவிட்டால் தொலைந்தோம்.

காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர் அங்கன்வாடியில் நான் ஆயா வேலை பார்த்தேன். பெரிய படிப்பெல்லாம் இல்லை. என் பெயரை எழுதுவேன், பஸ் போர்டை எழுத்துக்கூட்டி வாசிப்பேன் (அதற்குள் பஸ் போய்விடும்). ஒருநாள் டீச்சரம்மா பிள்ளைகளிடம் மண்டை ஓட்டுப் படத்தைக் காட்டி, இது போட்டிருந்தால் தொடக்கூடாது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் விஷம் மண்டை ஓட்டோடா இருக்கிறது? தக்காளிக்கு அடிக்கிற மருந்து, களைக்கொல்லி, பினாயில் எல்லாம் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில்தான் இருக்கும்.

"நீங்க கொஞ்சம் உக்காருங்க டீச்சர், நான் சொல்றேன்" என்று எழுந்தேன். "கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல வேற எது இருந்தாலும் வெசம். தொடாத. மோந்து பாக்காத. கத்து!"

பிள்ளைகளுக்கு மூன்றாவது ரொம்பப் பிடித்துவிட்டது. அவர்கள் கத்திப் பழகியதில் ரோட்டில் போன ஆடு வந்த வழியே திரும்பி ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மகன் அந்தோணிக்கு ஒரு இடம் அமைந்தது. விவசாயம் பார்க்கிற பையன் என்றால் யார் பெண் கொடுக்கிறார்கள்? வந்தவர்கள் எல்லோரும் "சொல்லி அனுப்பறோம்" என்று போனவர்கள்தான். ஸ்டெல்லாவுக்கு மட்டும் இவனைப் பிடித்திருந்தது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் வந்து எங்கள் வீட்டைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

சித்தேரி மலையிலிருந்து நன்னாரி வேர் வரவழைத்து, என் கையாலேயே சர்பத்துக்குப் பாகு காய்ச்சினேன். அதை எதில் ஊற்றிவைத்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். (சரி, கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில்தான். வீட்டில் இருப்பதில்தானே ஊற்ற முடியும்!)

ஸ்டெல்லாவின் அப்பா சர்பத்தை ஒரு வாய் குடித்தார். "நல்லா இருக்குதுங்க" என்றார். விருந்தாளிகளை வேடிக்கை பார்க்க வாசலில் நின்றிருந்த பக்கத்து வீட்டு ரோஸி, அங்கன்வாடியில் என்னிடம் பாடம் கேட்டவள், மேசைமேல் இருந்த பாட்டிலைப் பார்த்துவிட்டாள்.

"ஆயா! வெசம்! கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல கருப்பா வெசம்!"

டம்ளர் அவருடைய வெள்ளை வேட்டியில் கவிழ்ந்தது. ஸ்டெல்லாவின் அம்மா அலறினார். "ஐயோ மாதாவே! உப்புத் தண்ணி கரைச்சுக் குடுங்க, வாந்தி எடுக்கட்டும்!"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஒருவர் தப்பாகச் சொல்லும்போது எனக்குப் பொறுக்காதே. டீச்சரம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த பாடம் தானாக வாயில் வந்துவிட்டது.

"வாந்தி எடுக்க வெக்கக் கூடாதுங்க! பாட்டிலையும் எடுத்துக்கிட்டு ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போவணுங்க!"

அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்தோணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "யம்மா, நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?"

வேறு வழி தெரியவில்லை. பாட்டிலைத் தூக்கி அப்படியே வாயில் கவிழ்த்தேன். தண்ணீர் கலக்காத பாகு. தொண்டையில் இறங்குவேனா என்றது. "ஆயா செத்துரும்!" என்று ரோஸி ஓவென்று அழுதாள். பெண் வீட்டார் இருவரும் நான் எப்போது விழுவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் விழவில்லை. பெரிய ஏப்பம் ஒன்றுதான் வந்தது.

ஸ்டெல்லாவின் அம்மாதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று புருஷன் பக்கம் திரும்பினார்.

"நம்ம வூட்ல களைக்கொல்லிய எதுல ஊத்தி வெச்சிருக்கீங்க? மூத்தவ புள்ளைங்க வந்தா நான் கண்ண மூடறதே இல்ல. இந்தப் பொடுசுக்கு இருக்கற புத்தி உங்களுக்கு இருக்குதா?"

"இன்னிக்கே எடுத்துப் பூட்டி வெச்சிடறன், வுடு" என்றார் அவர், ஒட்டிக்கொண்ட வேட்டியை இழுத்துவிட்டபடி. பிறகு என்னைப் பார்த்து, "கோயில்ல கல்யாண ஓலை எப்ப வாசிக்கலாம்னு ஃபாதரக் கேட்டுடலாங்களா, சம்பந்தி?" என்றார்.

கல்யாண விருந்தில் பெண் வீட்டார் ஒருவரும் பாயசத்தைத் தொடவில்லை. வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். நான் குடித்த பிறகுதான் பந்தியே சிரித்துக்கொண்டு குடித்தது.

ஸ்டெல்லா இன்றைக்கும் காலையில் காபியைக் கொண்டுவந்து நீட்டி, "அத்தை, மொதல்ல நீங்க குடிச்சுக் காட்டுங்க, அப்பறந்தான் நாங்க" என்பாள். வீடே சிரிக்கும். சிரிக்கட்டுமே. கொதிக்கக் கொதிக்க முதல் டம்ளர் எனக்குத்தானே வருகிறது! குடித்துவிட்டு உடனே ஒன்றும் சொல்லமாட்டேன். டம்ளரைக் கீழே வைத்துக் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல உட்கார்ந்திருப்பேன். அவர்களுடைய காபி ஆறிக்கொண்டிருக்கும்.