முட்டுக் கொடுக்கத் தெரிந்தவர்

சும்மா பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதோ ஒரு காரின் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அது அவர்தான். அந்தக் கால்களிடம் போய் ரிப்பேரா என்று விசாரித்துப் பாருங்கள். "சேச்சே, சும்மா பார்க்கிறேன்" என்று தரையிலிருந்து பதில் வரும்.

இந்தச் சும்மாவைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். வேலை என்றால் அதற்கு முன்னேற்பாடு வேண்டும், கருவி வேண்டும், கொஞ்சம் பயமும் வேண்டும். சும்மாவுக்கு எதுவுமே வேண்டாம். மெயினை அணைக்காமல் சுவிட்சுப் பெட்டியைச் சும்மா திறப்பார்கள். நாற்காலி மேல் ஸ்டூலைப் போட்டு ஏறி மின்விசிறியைச் சும்மா தட்டிப் பார்ப்பார்கள். ஓடுகிற மிக்சியின் மூடியைத் தூக்கிச் சும்மா எட்டிப் பார்ப்பார்கள். சும்மா செய்கிறவனுக்கு அடிபடாது என்பது இவர்களுடைய கொள்கை. ஒரு டன் இரும்புக்கு இந்தக் கொள்கை தெரியுமா? யாரும் விசாரித்ததில்லை.

நம்மவரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி. யாராவது கையை உடைத்துக்கொண்டு நஷ்ட ஈடு கேட்டு வந்தால், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, 'மனுதாரரின் கவனக்குறைவு' என்று அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பிவிடுகிற உத்தியோகம். மனைவி பல் டாக்டரிடம் உதவியாளர். வாயைத் திறந்துகொண்டு நடுங்குகிற பெரிய மனிதர்களை அசையாமல் உட்கார வைப்பது அவள் வேலை. வீட்டில் இருக்கிற ஒருவரை மட்டும் அவளால் உட்கார வைக்க முடிந்ததில்லை.

கார் வாங்கியபோது, தூக்கிய காருக்கு அடியில் முட்டுக் கொடுக்கிற இரண்டு ஸ்டாண்டுகளை அவளுடைய தம்பி வாங்கித் தந்திருந்தான். சிவப்பு நிறம், அகலமான கால்கள், தலையில் காரைத் தாங்க ஒரு பள்ளம். எதை வாங்கினாலும் கூட வருகிற காகிதத்தைக் கடைசி வரி வரை படிக்கிற ஆள் அவன். "ஜாக்கி தூக்கறதுக்குத்தான் மாமா, தாங்கறதுக்கு இல்ல" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். அங்கேதான் தப்பு நடந்தது. மச்சினன் சொல்லி ஒரு காரியத்தைச் செய்வதா? ஒரு ஸ்டாண்டின் மேல் செடித்தொட்டி ஏறியது. இன்னொன்று கொல்லைப்பக்கம் துணி ஊறுகிற வாளிக்குப் பீடமாயிற்று.

இத்தனைக்கும் முட்டுக் கொடுப்பதில் நம்மவரை மிஞ்ச ஆள் கிடையாது. மேலதிகாரி எதைச் சொதப்பினாலும் முட்டுக் கொடுப்பார். தான் ஓட்டுப் போட்ட ஆள் மேடையில் என்ன உளறினாலும் முட்டுக் கொடுப்பார். வழி தெரியாமல் ஊரைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போய் முட்டுச்சந்தில் நின்றால்கூட, இந்தப் பக்கம் ரோடு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் வந்தேன் என்பார். காருக்கு மட்டும் கொடுக்க மாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காரின் முன்பக்கம் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். பார்த்தே ஆகவேண்டும். டயர் மாற்றுவதற்கென்று காரோடு வந்த ஜாக்கியை வைத்துத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்தார், பனியன் அழுக்காகிவிடக் கூடாதே என்று. இந்த முன்ஜாக்கிரதை எல்லாம் பனியனுக்கு மட்டும்தான். மழைத் தண்ணீர் ஓடுவதற்காகத் தரை வாசல் கேட்டின் பக்கம் லேசாகச் சரிந்திருந்தது அவர் கணக்கில் வரவில்லை.

மனைவி வாசற்படிக்கு வந்து பார்த்தாள்.

"ஸ்டாண்டு வச்சுட்டுப் போங்களேன்."

"அதெல்லாம் வேலை செய்யறவனுக்கும்மா. நான் சும்மா பார்க்கத்தானே போறேன்."

பின்சக்கரத்துக்காவது ஒரு கல் வைக்கச் சொன்னாள். ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது என்று கேட்டுவிட்டு அவர் தலையை உள்ளே நுழைத்தார். தலைக்குப் பின்னால் தோள், தோளுக்குப் பின்னால் மார்பு. கத்தலாம். கத்தினால் வீம்புக்கு இன்னும் ஒரு முழம் உள்ளே போவார். தம்பிக்குப் போன் போடலாம். போட்டது தெரிந்தால் அங்கேயே குடித்தனம் வைத்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறாளே, தெரியாதா?

உள்ளே சும்மா பார்க்கிற படலம் வளர்ந்தது. முதலில் டார்ச் வெளிச்சம் போய் வந்தது. பிறகு எதையோ தட்டினார். பிறகு எதையோ பிடித்து ஆட்டினார், கார் மெதுவாகத் தலையசைத்தது. அவள் படியிலிருந்து இறங்கி வந்தாள். கடைசியில் ஒரு கை மட்டும் வெளியே வந்து விரல்களை மடக்கி விரித்தது.

"அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரைக் குடு."

சும்மா பார்க்கப் போனவருக்கு ஸ்பேனர் எதற்கு? அவள் கேட்கவில்லை. ஸ்பேனரை எடுத்தாள். கொடுக்கவில்லை.

"என் கையில இருக்கு. வெளிய வந்து வாங்கிக்குங்க."

"காலால தள்ளி விடேன்."

"மாட்டேன்."

அடியில் அட்டை சரசரத்தது. பிறகு அவர் வெளியே வந்தார். உயிருக்குப் பயந்து வரவில்லை, சண்டை போட வந்தார். ஒரு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கக்கூட இந்த வீட்டில் ஆள் இல்லையா என்று ஆரம்பித்தவர், எழுந்திருக்க வாகாக முன்பக்கத்து பம்பரைப் பிடித்து இழுத்தார்.

ஜாக்கி சாய்ந்தது. கார் கேட்டுப் பக்கம் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. அலுத்துப்போனவர் சோபாவில் விழுகிற மாதிரி ஒரு சத்தம். சக்கரம் மாட்டியிருந்த இரும்புத் தட்டு அட்டையைக் கிழித்துக்கொண்டு சிமெண்டில் இறங்கியிருந்தது. அட்டையில் வியர்வை ஈரம் இன்னும் தோள் வடிவத்தில் இருந்தது. கிழிசல் அதன் நடுவில்.

நம்மவர் பார்த்தார். பிறகு வாய் திறந்தார். என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

"பார்த்தியா, நான் வெளிய வந்தப்புறம்தான் விழுந்துது. எனக்குத் தெரியும், ஒரு மாதிரி சத்தம் வந்துதுல்ல?"

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆபீஸ்ல இதுக்கு என்னன்னு எழுதுவீங்க?" என்று கேட்டாள்.

அதற்கு அவரிடம் முட்டு இல்லை. சாயங்காலம் வரைக்கும் இல்லை.

சாயங்காலம் தம்பி வந்தான். வந்துதான் ஆகவேண்டும். இவர்களுடைய ஜாக்கி வளைந்து கிடந்தது. அட்டையைப் பார்த்தான், அக்காவின் முகத்தைப் பார்த்தான். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, தன்னுடைய சக்கரம் வைத்த பெரிய ஜாக்கியால் தூக்கி, தொட்டியையும் வாளியையும் இறக்கிவிட்டு ஸ்டாண்டுகளை இரண்டு பக்கமும் கனத்த இரும்புச் சட்டத்துக்கு அடியில் நிறுத்தி, காரை மெதுவாக அவற்றின் தலையில் உட்கார வைத்தான். பக்கத்தில் நின்ற நம்மவருக்குக் குரல் திரும்ப வந்துவிட்டது. ஸ்டாண்டு இல்லாமல் காருக்கு அடியில் போவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, தம்பி இரண்டு கைகளாலும் காரைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினான்.

"அதான் வச்சாச்சே மாப்ளே, அப்புறம் எதுக்கு ஆட்டறே?" என்றார் நம்மவர்.

"நீங்க அடியில இருக்கும்போது ஆடறதுக்குப் பதிலா, இப்பவே ஆடட்டும் மாமா."

வாசகரே, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஸ்டாண்டு வைத்துத்தான் போவீர்கள், கல்லும் வைப்பீர்கள். ஆனால் இப்போது தம்பி காரை உலுக்கியபோது, 'இது கொஞ்சம் அதிகம்தான்' என்று மனசுக்குள் ஒரு குரல் முணுமுணுத்ததே, கேட்டதா? அந்தக் குரலை முதலில் வெளியே அனுப்பிவிட்டு, அப்புறம் நீங்கள் உள்ளே போங்கள்.