திருடனைப் போல் வருவேன்

"இத எழுதனது யாரு?" என்று ஏட்டு லத்தியால் சர்ச் சுவரைத் தட்டிக் கேட்டபோது, பாதித் தெரு கூடிவிட்டது.

அறுபத்திரண்டாம் வருஷத் தேர்தல் சின்னங்களை அழித்துப் புதிதாக வெள்ளையடித்த சுவர். அதில் பெயிண்டர் ஹுசைனின் கொட்டை எழுத்தில் இருந்தது: "திருடனைப் போல் வருவேன்."

"நான்தான் எழுதச் சொன்னேன் ஏட்டையா. வேத வசனம். ஆண்டவர் சொல்றது" என்றார் உபதேசியார் ஆசீர்வாதம்.

எதிர்வீட்டுப் பவுனம்மாள் முன்னால் வந்தாள். "உங்க சாமி திருடனா?"

"இல்லம்மா. அது உவமை. எப்ப வருவாருன்னு சொல்லாம வருவாருன்னு அர்த்தம்."

"திருடனும் சொல்லிட்டா வர்றான்?"

கூட்டம் சிரித்தது. ஆசீர்வாதத்துக்குக் காது மடல் சுட்டது. அன்றைக்கே அதை அழித்துவிட்டு, யாரையும் பயமுறுத்தாத வசனமாகத் தேடி எழுதச் சொன்னார்: "வாசலில் நின்று தட்டுகிறேன்."

அதோடு அந்தத் தெருவில் கதவு திறப்பது நின்றுபோயிற்று. தபால்காரர் தட்டினாலும் உள்ளேயிருந்து "யாரு?" என்ற குரல்தான் வந்தது. சந்தையிலிருந்து திரும்பிய பவுனம்மாளின் புருஷன், தன் அப்பன் பேரையும் பாட்டன் பேரையும் சொன்ன பிறகுதான் உள்ளே போக முடிந்தது.

விளக்கம் சொல்ல ஆசீர்வாதம் வீடு வீடாகப் போனார். முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வந்துட்டான்டி" என்றது உள்ளே ஒரு குரல். ஜன்னல் வழியாகச் சாணித் தண்ணீர் வந்து அவர் தலையில் விழுந்தது.

வீட்டுக்கு வந்தவரின் வேட்டியை அலசிக்கொண்டே மனைவி ரஞ்சிதம் கேட்டாள்: "நாமளும் கொஞ்ச நாளு தாப்பா போட்டுக்கலாமா?"

"உவமைய உவமையாப் புரிஞ்சிக்கணும் ரஞ்சிதம். உபதேசியே பயந்தா வெக்கக்கேடு."

தெரு பார்க்கட்டும் என்றே வாசல் கதவை விரியத் திறந்துவைத்துப் படுத்தார்.

விடிந்தபோது மிஷன் கொடுத்த சைக்கிள் இல்லை. வெண்கலப் பானை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கி மட்டும் ராஜகிரி அடிவாரத்து முள்ளில் தொங்குவதாக ஆடு மேய்க்கப் போனவர்கள் வந்து சொன்னார்கள். தெருவில் வேறு எந்த வீட்டிலும் ஒரு குண்டூசிகூடக் களவுபோகவில்லை.

ஏட்டு மறுபடி வந்தார். கூட்டமும் வந்தது. ஆசீர்வாதம் தலையை நிமிர்த்தவே இல்லை. பவுனம்மாளுக்கே பாவமாக இருந்தது. பக்கத்தில் வந்து ஆறுதலாகச் சொன்னாள்:

"உடுங்க ஐயா. உங்க சாமி சொன்னத நாங்க அத்தன பேரும் நம்பிட்டோம். நீங்க ஒருத்தர்தான் நம்பல."