பிழைகளைக் கொடியில் காயப்போட்டவர்

வெள்ளைக்காரன் இலங்கையை ஆண்ட காலம் முழுவதிலும் தன் பிழையைத் தானே ஒப்புக்கொண்ட அரசாங்க உத்தியோகத்தர் ஒரேயொருவர்தான். அவர் மன்னார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டொக்டராக இருந்தார். இதற்கு ஆதாரம் கேட்பவர்கள் முதலில் இரண்டாவது ஆள் ஒருவரைக் காட்டிவிட்டுக் கேட்கட்டும்.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளப் புத்தகத்தில் நானே அதை எழுதியிருக்கிறேன். ஆனால் பேசாலைக் கரையிலோ தாராபுரத்திலோ அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லையே" என்பார்கள். "பிழை டொக்டர்" என்றால் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விடுவார்கள். மற்ற ஊர்களில் கைராசி டொக்டர், தங்கமான டொக்டர் என்றெல்லாம் இருந்தார்கள். எங்களுக்கு வாய்த்தது இது.

நான் அப்போது அந்த ஆஸ்பத்திரிக் கந்தோரில் கிளாக்கர். கொழும்பிலிருந்து வருகிற கடதாசிகளைப் பெறுவது, கோவையில் போடுவது, பிறகு கோவையைத் தொலைப்பது என்பவை என் கடமைகள். மூன்றாவதில் எனக்கு நல்ல பெயர்.

இரண்டாவது உலக யுத்தம் முடிகிற நேரம், தூக்கிக்கொண்டு போக அலுப்புப்பட்டுப் பட்டாளத்துக்காரர் விட்டுவிட்டுப்போன எக்ஸ்ரே பெட்டி ஒன்று எங்களுக்கு வந்து சேர்ந்தது. அதைத் தொடர்ந்து யாழ்ப்பாணப் பக்கமிருந்து டொக்டரும் வந்து சேர்ந்தார். நெடிய, மெலிந்த மனிதர். அவரை வெயிலில் நிறுத்திப் பார்த்தால் படம் எடுக்கத் தேவையில்லை, அவ்வளவு மெலிவு.

அவர் வந்து சில மாதத்தில் கொழும்பிலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. எக்ஸ்ரே படம் பார்க்கும் டொக்டர்மார் யாவரும் படித்துப் பாஸ் பண்ணியதோடு நின்றுவிடாமல் அறிவைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொள்ள வேண்டும். சக நிபுணர்களுடன் ஒழுங்காகக் கூடி, தாங்கள் பிழையாக வாசித்த படங்களை ஆராய வேண்டும் என்றிருந்தது. இலங்கை முழுவதும் புத்தியுள்ளவர்கள் அதைக் கோவையில் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாக இருந்த பெரிய டொக்டர், எக்ஸ்ரேக்குச் சம்பந்தமில்லாதவராக இருந்தாலும், அறிவைப் புதுப்பிக்கும் வகுப்பு ஒன்றுக்கென்று ஸ்டேஷனுக்குப் போய்க் கொழும்புக்குக் கோச்சி ஏறினார். திரும்பி வரும்போது அறிவு புதுப்பிக்கப்பட்டதற்கு அடையாளமாகப் புதுத் தொப்பியும் புதுச் சப்பாத்தும் இருந்தன. அதன்பிறகு எங்கள் கிணற்றுத் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஆளோ அதை வாசித்தார். வாசித்தது போதாதென்று நம்பவும் செய்தார். "மன்னாரில் எக்ஸ்ரே நிபுணன் நான் ஒருவன்தான். யாருடன் கூடுவது?" என்று கொழும்புக்கு எழுதினார். "சுற்றுநிருபம் தெளிவாகவே இருக்கிறது" என்று பதில் வந்தது.

"கொழும்பு சொன்னால் சரிதானே," என்றார். "நிபுணர் இல்லையெண்டால் இருக்கிற ஆக்களோட கூடுவம். கிளாக்கர், நீர் வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில சும்மாதானே இருக்கிறீர்?"

நான் எல்லாப் பின்னேரங்களிலும் சும்மாதான் இருந்தேன். அதை ஒருவர் கவனித்திருக்கிறாரே என்பதுதான் வருத்தம்.

"எனக்கு முழங்கைக்கும் முழங்காலுக்கும் வித்தியாசம் தெரியாதே, டொக்டர்."

"அதுதான் வேணும். தெரிஞ்சவன் பார்க்க நினைச்சதைப் பார்ப்பான். நீர் ஒண்டும் நினைக்கிறேல்லை. வாரும்."

என் மூளையை இவ்வளவு மரியாதையாக ஒருவரும் அதற்கு முன்பு வர்ணித்ததில்லை. போனேன்.

கூட்டத்துக்கு இரண்டாவது அங்கத்தவராக வந்தவர் பேசாலைச் சூசை. வள்ளத்திலிருந்து விழுந்து கையை ஊன்றியதில் மணிக்கட்டு வீங்கிப் போய் வந்தார். டொக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "முறிவு இல்லை, சூசை. போங்கோ" என்றார். சூசை போய் வலை இழுத்தார். கொஞ்ச நாளில் கை மரத்துப்போய்த் திரும்பி வந்தார். இன்னொரு படம் எடுத்தபோது, பெருவிரலுக்கு அடியில் கிடக்கிற சின்ன எலும்பில் மயிரிழை போல ஒரு வெடிப்புத் தெரிந்தது. முதல் படத்திலும் அது இருந்திருக்கிறது, மூடுபனிக்குள் வள்ளம் நிற்பதுபோல.

டொக்டர் வெளியே வந்து, வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கத்தக்கதாக, "சூசை, நான் பிழை விட்டனான். உங்கட எலும்பு முதலே வெடிச்சிருக்கு," என்றார்.

சூசைக்குக் கைவலி போய்விட்டது. பயம் பிடித்துக்கொண்டது. அரசாங்க ஆள் ஒருவர் பிழை விட்டதாகச் சொல்லி அவர் கேள்விப்பட்டதேயில்லை.

"ஐயோ ஐயா, அப்பிடிச் சொல்லாதேங்கோ. துரைமார் விடுற பிழை எங்கட பிழையல்லோ?"

"இல்லை. இது என்ர. வெள்ளிக்கிழமை வாங்கோ, ரெண்டு பேருமாப் பார்ப்பம்."

படங்களைக் கழுவிக் காயப்போட விறாந்தையில் ஒரு கொடி கட்டியிருந்தது. சூசையின் இரண்டு படங்களையும் டொக்டர் அதில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். மேற்கு வெயில் பின்னாலிருந்து அடிக்க, கை எலும்புகள் கடற்காற்றில் எல்லோருக்கும் ஆடி வணக்கம் சொல்லின. நாங்கள் மூன்று பேர் மூன்று கதிரையில். வேலிக்கு அப்பால் வழக்கமான கழுதைகள். இப்படித்தான் மன்னாரின் முதலாவது எக்ஸ்ரே நிபுணர் கூட்டம் நடந்தது.

மூன்றாவது அங்கத்தவர் தாராபுரம் காசிம் காக்கா. கருவாட்டு வியாபாரி. அவருடைய மனைவி இருமுகிறாளென்று கொண்டுவந்தார். படத்தில் வலது நெஞ்சின் மேற்புறம் தடித்த நிழல் ஒன்று இருந்தது. டொக்டர் முகம் கறுத்துக் காசநோயாக இருக்கலாம் என்றார். காக்கா அங்கேயே நிலத்தில் குந்திவிட்டார். கடையைப் பூட்டிவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட ஆயத்தமானார். டொக்டருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் திரும்பவும் வரச்சொல்லி, நேர்ஸிடம் சொல்லித் தலைமயிரை மேலே கட்டி இன்னொரு படம் எடுப்பித்தார். நிழல் போய்விட்டது. முக்காட்டுக்கு உள்ளே நெஞ்சின் மேல் கிடந்தது காசநோயல்ல, சடைப்பின்னல்.

"அல்லாஹ்வே, என்ட பொஞ்சாதிக்கு வந்தது சடை வியாதியா!" என்று காக்கா அழுதுகொண்டே சிரித்தார். படத்தைக் கொடியில் போடலாமா என்று டொக்டர் கேட்டபோது மட்டும் சிரிப்பு நின்றது.

"பொம்புளையிட படமல்லோ, டொக்டர்?"

"பேர் போடமாட்டன். ஆருடைய எலும்பெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

காக்கா ஒப்புக்கொண்டார். பேர் போடவில்லை. படம் கொடியில் ஏறிய நிமிடத்திலிருந்து, வந்தவர் போனவர் எல்லோரையும் காக்காவே மறித்து, "இது எங்கட வீட்டாக்கள்ட நெஞ்சு. டொக்டர் பிழை விட்டது," என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அங்கே தொடங்கியது கரைச்சல். கொடியில் தொங்குவது ஒரு கௌரவமாகிவிட்டது. கலியாண வீடுகளில் சூசைக்கு முன்வரிசையில் கதிரை கிடைத்தது. படம் சரியாக வாசிக்கப்பட்டவர்களுக்கு மனம் நொந்தது. பேசாலையிலிருந்து ஓர் ஆச்சி ஆறு மைலுக்கு மேல் நடந்து வந்து என்னிடம் முறையிட்டார். "என்ட முழங்காலுக்கு என்ன குறை, தம்பி? சூசையிட கையைவிட மோசமோ?"

டொக்டர் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. வேதக்காரர் கோயிலுக்குள் போகுமுன் தண்ணீர் தொட்டுச் சிலுவை போடுவதுபோல, புதுப்படம் ஒன்றைக் கையில் எடுக்குமுன் கொடிக்கு முன்னால் நின்று பழைய பிழைகளை ஒருமுறை பார்ப்பார். பிறகு புதுப்படத்தின் மூலைகளை முதலில் பார்ப்பார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "இதில நான் எங்க பிழை விடப்போறன், சொல்லும்," என்பார். நான் எங்கேயாவது விரலை வைப்பேன். அவரும் அந்த இடத்தை அக்கறையாகப் பார்ப்பார். என் விரலுக்கு அவ்வளவு மதிப்பு இன்றுவரை வேறு யாரும் கொடுத்ததில்லை. அங்கே ஒருநாளும் ஒன்றும் இருந்ததில்லை.

பெரிய டொக்டரால் இதைப் பொறுக்க முடியவில்லை. தன் உத்தியோக வாழ்வில் தான் பிழையே விட்டதில்லை என்று அவர் அடிக்கடி சொல்வார். அதை மறுத்துச் சொல்லக்கூடிய நோயாளிகள் பெரும்பாலும் எழுந்து வரக்கூடிய நிலையில் இல்லை. அவர் கொழும்புக்கு எழுதினார். திணைக்களத்தின் பிழைகளைப் பொதுமக்கள் முன்னிலையில் உடுப்புப்போலக் காயப்போட்டு அரசாங்கத்தின் மரியாதையைக் கெடுப்பதாகக் குற்றச்சாட்டு. விசாரிக்க ஒரு துரை வருவதாகவும், குற்றம் உறுதியானால் டொக்டரை மன்னாரிலிருந்து தூக்குவதாகவும் பதில் வந்தது.

நான் கெஞ்சினேன். "ஒருநாளைக்கு மட்டும் கொடியை அவிழ்த்துவிடுங்கோ, டொக்டர்."

"அவர் பார்க்கத்தானே வாறார்? பார்க்கட்டும்."

வேறு வழியில்லாமல் சூசையிடமும் காசிம் காக்காவிடமும் விஷயத்தைச் சொன்னேன். சூசை நெஞ்சில் கை வைத்தார். "மடு மாதா இருக்கிறா, தம்பி. நாங்களும் இருக்கிறம். நல்ல சாட்சியாக் கொண்டுவாறம்."

மாதா இருந்தார். அவர்களும் கொண்டுவந்தார்கள். அதுதான் வினையாயிற்று.

துரை வந்து விறாந்தையில் அமர்ந்தார். வியர்வையில் நனைந்த, கெட்டவர் என்று சொல்லமுடியாத மனிதர்; மத்தியானக் கோச்சியைப் பிடிக்கும் எண்ணம் மட்டும் முகத்தில் இருந்தது. பக்கத்தில் பெரிய டொக்டர், புதுத் தொப்பியோடு. மொழிபெயர்க்க நான். துரை கொடியை மேலும் கீழும் பார்த்தார்.

"உம்முடைய பிழைகள் இவ்வளவும்தானா?"

"இல்லை, சேர். நான் இதுவரை கண்டுபிடித்தவை மட்டும்."

துரையின் வாயோரம் மெல்ல அசைந்தது. அந்த நேரத்தில் விசாரணையை முடித்திருந்தால் எல்லாம் நன்றாயிருந்திருக்கும். ஆனால் வாசலில் மன்னார்த் தீவின் பாதிச் சனம் நின்றது. டொக்டருக்காகப் பேச வந்தவர்கள் என்று சூசை பெருமையோடு அறிவித்தார். பிழை டொக்டரைக் காப்பாற்ற என்ன வேண்டும் என்று அவர்கள் ஆற அமர யோசித்திருந்தார்கள். பிழைகள் வேண்டும். எவ்வளவு கூடவோ அவ்வளவு நல்லது.

முதலில் பேசாலை ஆச்சி. "துரையே, என்ட முழங்காலில இவர் விட்ட பிழையைப்போல உலகத்திலயே இல்லை!"

டொக்டர் துள்ளி எழுந்தார். "ஆச்சி! உங்கட முழங்காலை நான் சரியாத்தானே சொன்னனான்!"

"நீங்கள் சும்மா இருங்கோ, ராசா. நாங்கள் காப்பாத்திறம்."

பின்னால் வந்தவர் தன் விலா எலும்பு முழுவதும் பிழை என்றார். இன்னொருவர் தனக்கு மட்டுமல்ல, செத்துப்போன தன் மாமனுக்கும் பிழை என்றார். மாமன் செத்தது எக்ஸ்ரே பெட்டி மன்னாருக்கு வருமுன். காசிம் காக்கா எழுந்து, சடைக் கதையில் காசநோயோடு இருதயத்தையும் ஈரலையும் சேர்த்துக்கொண்டார். நான் மொழிபெயர்க்கத் துரை எழுதினார். எழுத எழுத அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது. கொண்டச்சியிலிருந்து வந்த ஒருவர் தன் கழுதையின் கால் விஷயத்தில் டொக்டர் விட்ட பெரும் பிழையைச் சொன்னார்.

டொக்டருக்குக் குரல் கிழிந்தது. "உங்கட கழுதையை நான் படமே எடுக்கேல்லை!"

"அதுதான் ஐயா பிழை," என்றார் அவர், வெற்றியோடு துரையைப் பார்த்து.

தன் பிழைகளைத் தேடித் தேடிக் கொடியில் போட்ட மனிதர், அன்றைக்கு முதல்முறையாக, "நான் சரி, நான் சரி!" என்று கத்திக்கொண்டு நின்றார். ஒருவரும் நம்பவில்லை. துரையும் நம்பவில்லை. பெரிய டொக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

தீர்ப்பு ஒரு கிழமையில் வந்தது. டொக்டரைக் கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றி, அங்கே மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் அறிவைப் புதுப்பிக்கச் சொல்லியிருந்தது. எக்ஸ்ரே பெட்டியைப் பெரிய டொக்டரிடம் ஒப்படைத்தார்கள். அதற்குப் பிறகு மன்னாரில் ஒரு படமேனும் பிழையாக வாசிக்கப்படவில்லை. அரசாங்கப் பதிவுகளில் அப்படித்தான் இருக்கிறது. ஒருவரையும் இரண்டாவது படத்துக்குக் கூப்பிட்டதும் இல்லை.

ஸ்டேஷனுக்குத் தீவே வந்திருந்தது. காக்கா தூக்கி ஏற்றிய கருவாட்டுச் சாக்கினால் அந்தக் கோச்சிப் பெட்டியில் வேறு ஒருவரும் ஏறவில்லை. டொக்டர் யன்னலால் தலையை நீட்டி, "ஆச்சி, முழங்காலைக் கவனமாப் பாருங்கோ," என்றார். ஆச்சி வெற்றி கிடைத்ததென்றே நம்பிக் கை காட்டினார். "பாத்தியா, தம்பி, கொழும்புக்கே உயத்திப்போட்டாங்கள்!"

அடுத்த வெள்ளிக்கிழமைப் பின்னேரம் நான் கதிரைகளை விறாந்தையில் எடுத்துப் போட்டேன். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. சூசை வந்தார். தொழுகை முடித்துக் காசிம் காக்கா வந்தார். கொடி வெறுமையாக இருந்தது. வெயில் நேரே எங்கள் முகத்தில் அடித்தது.

காக்கா கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு கொடியைப் பார்த்தார். "இண்டைக்குப் பாக்கிறதுக்குப் பிழை ஒண்டும் இல்லைப்போல."

சூசை கொடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கு, காக்கா. இந்தமுறை எங்கட."

பிறகு நாங்கள் அதை ஆராய்ந்தோம். யார் முதலில் சொன்னது, எங்கே கூடிப்போனது, துரை எந்த இடத்தில் முகம் மாறினார் என்று ஒவ்வொன்றாக, மூலைகளிலிருந்து தொடங்கி, பொழுதுபடும்வரை. அவ்வளவு ஒழுங்காக ஒரு கூட்டம் அதற்குமுன் நடந்ததேயில்லை. அதைப் பார்க்க அவர் இல்லையே என்பதுதான் எங்கள் மூன்று பேருக்கும் தாங்கமுடியாமல் இருந்தது.